கிணற்றுக்கு ஒரு கெண்டை

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஓர் ஐயங்கார் வீட்டுப் பையன் தூண்டில் செய்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நான் செய்தேன். கடையில் ஒரு சாமான் வாங்காமல், கொல்லையில் கிடைத்ததை வைத்தே செய்தேன். மீன் தின்னும் ஆசையில் இல்லை. அந்த வாசனையே எனக்கு ஆகாது, இன்றைக்கும் மீன் மார்க்கெட் பக்கம் போக நேர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது உயிரோடு ஒரு மீன். அதைப் பெரியப்பா வீட்டுக் கிணற்றில் விடவேண்டும், அவ்வளவுதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறப்பதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் காவேரிக்கரையில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் நடந்தது. எனக்கு இன்னும் பூணூல் போடவில்லை. அதனால் தர்ப்பையை என் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்பாவுக்குச் சுத்தமாகச் சொல்ல வராது என்று மந்திரமெல்லாம் பெரியப்பாவே சொன்னார். பிண்டத்தைத் தண்ணீரில் விடுவதற்கு மட்டும் என்னை இறங்கச் சொன்னார்கள். முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு சாத உருண்டையை விட்டேன். அது அடியில் போய்ச் சேருவதற்குள் எங்கிருந்தோ கெண்டைகள் கும்பலாக வந்து மொய்த்துக்கொண்டன. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு பருக்கை மிச்சமில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அம்மாவுக்கு வைத்ததை இதுகள் தின்றுவிட்டனவே!

காரியம் பண்ணிவைத்த வாத்தியார் நல்ல மனுஷர். கரையில் நின்றபடியே, "அழாதேடா கொழந்தே. மீன் சாப்ட்டா அம்மா சாப்ட்ட மாதிரிதான். நேரே அவகிட்டப் போய்ச் சேந்துடும்" என்றார்.

சமாதானத்துக்குச் சொல்கிற வார்த்தையைக் குழந்தைகள் எப்படி வாங்கிக்கொள்ளும் என்று பெரியவர்கள் யோசிப்பதே இல்லை. எனக்கு அது கல்வெட்டாகப் பதிந்துவிட்டது. காவேரிக் கெண்டைக்குச் சாதம் போட்டால் அம்மாவுக்குப் போய்ச் சேரும். அப்படியானால் ஒரே ஒரு கெண்டையைப் பிடித்துக் கிணற்றில் விட்டுவிட்டால், தினம் என் தட்டிலிருந்து ஓர் உருண்டை அனுப்பலாம் அல்லவா? எட்டு வயதுக்கு இதில் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் அப்பா வடக்கே தன் ரயில்வே வேலைக்குத் திரும்பிவிட்டார். என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டுப் போனார். கிளம்பும்போது என் தலையில் கையை வைத்தார், பிறகு வண்டிக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். பெரியப்பா பெண்களுக்கெல்லாம் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். அந்த நீள வீட்டில் ஒரு குழந்தை கிடையாது. பகலில் கூடத்து ஊஞ்சல் சங்கிலி தானாகக் கிறீச்சிடும். அதுதான் எனக்குப் பேச்சுத்துணை.

தெருப் பையன்கள் என்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். சேர்த்துக்கொண்டார்கள், அதுதான் கொடுமை. 'தாயில்லாக் கொழந்தை, அடிக்கப்படாது' என்று அவரவர் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது. பச்சைக்குதிரை தாண்டினால் எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுப்பார்கள். பந்தால் முதுகில் அடிக்கும் ஆட்டத்தில் என் முதுகை விட்டுவிட்டு அடுத்தவன் முதுகில் அடிப்பார்கள். யாருமே அடிக்காத ஆட்டத்தில் என்ன ருசி இருக்கிறது? கொஞ்ச நாளில் நானே போவதை விட்டுவிட்டேன். ஏன் வரவில்லை என்று ஒருவனும் வந்து கேட்கவில்லை.

பெரியப்பா ஸ்கூலில் ஸம்ஸ்கிருத பண்டிதர். ஆசாரத்தில் நெருப்பு. வீட்டிலும் வகுப்பில் இருப்பதுபோலவேதான் இருப்பார். பெரியம்மா அதற்கு நேர்மாறு, விடிந்ததிலிருந்து வாய் ஓயாது. பால்காரன் தண்ணீர் கலந்தது, வேலைக்காரி வராதது, நான் சட்டையைக் கிழித்துக்கொண்டது எல்லாம் ஒரே மூச்சில் வரும். எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. அம்மாவின் இடத்தில் வந்து நின்றுகொண்டு அம்மாவைப்போல் இல்லாதவளை எட்டு வயதில் எப்படிப் பிடிக்கும்?

மூன்றாவது ஆள் அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. கல்யாணமாகிச் சில வருஷங்களில் அத்திம்பேர் போய்விட, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். எதிர்வீட்டில் தென்கலைக்காரர்கள். அவர்கள் சம்பிரதாயத்தில் கைம்பெண்ணின் தலையை மழிப்பதில்லை, அந்த வீட்டுக் கைம்பெண் மாமிக்கு முடி இருந்தது. நாங்கள் வடகலை, எங்களில் மழிப்பது உண்டு. 'இந்தக் காலத்தில் இதெல்லாம் வேண்டாமே' என்று எடுத்துச் சொன்னவர்கள் உறவிலேயே இருந்தார்களாம். பெரியப்பா கேட்கவில்லை. ஆளை வரவழைத்து, அருகில் நின்று அவரேதான் நடத்திவைத்தாராம். அன்றிலிருந்து அவர் அத்தையோடு நேரே பேசியதில்லை. "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று பெரியம்மாவிடம் சொல்வார். அத்தை அடுத்த அறையில்தான் இருப்பாள்.

அத்தை எந்நேரமும் கொல்லைப்பக்கத்து உள்ளில், அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து, கோயில் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருப்பாள். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அப்போது எனக்குக் கிழவியாகத்தான் தெரிந்தாள், தலையில் முடியில்லாவிட்டால் கிழவிதானே. நானும் அந்த உள்ளிலேயே ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளமாட்டோம். ஆனால் அவள் என்னைப் பார்த்து 'அடடா, பாவம்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மற்ற பெண்டுகள் எதிரில் தான் வந்துவிடக் கூடாது என்று அத்தை விடியுமுன்பே காவேரிக்குக் குளிக்கப் போவாள். நானும் துணைக்கு என்று ஒட்டிக்கொண்டேன். மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி, அம்மா மண்டபத்துக் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, சின்னப் படித்துறை ஒன்றுக்குப் போவோம். போய்ச் சேர்வதற்குள் வெளுத்துவிடும். அவள் முழுக்குப் போடும்போது நான் கடைசிப்படியில் குந்திக்கொண்டு மீன்களை நோட்டம்விடுவேன். கையால் பிடிக்கப் பார்த்தேன். முடிகிற காரியமா! தூண்டில்தான் வழி என்று தெரிந்தது. கொள்ளிடம் பாலத்தடியில் ஆட்கள் தூண்டில் போடுவதை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு கழி, ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் என்ன இருந்தது என்பது ரயிலிலிருந்து தெரியவில்லை. உத்தர வீதியில் யாரிடம் போய்க் கேட்பது?

கழிக்குக் கஷ்டமில்லை. வேலியிலிருந்து மெல்லிய மூங்கில் ஒன்றை உருவிக்கொண்டேன். மிதப்புக்கு, மாட்டுப் பொங்கலில் பசுவுக்குக் கட்டிய நெட்டி மாலை தொழுவத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் ஒரு துண்டு. கொக்கிதான் உயிரை வாங்கியது. முதலில் கருவேல முள்ளைக் குறுக்காகக் கட்டிப் பார்த்தேன். மீன் சாதத்தை மட்டும் நாசூக்காகத் தின்றுவிட்டு முள்ளை எனக்கே விட்டுவிட்டது. கொல்லையில் ஊறுகாய்க்கென்று நாரத்தை மரம் ஒன்று உண்டு. அதன் முள் கிளையிலிருந்து சாய்ந்து முளைப்பதைப் பார்த்தபோது சட்டென்று பிடிபட்டது. முள்ளைத் தனியாக ஒடிக்காமல் கிளையோடு சேர்த்து ஒரு விரற்கடை வெட்டினால், அதுவே கொக்கி. அரிவாள்மணையில் வெட்டி, வெந்நீர் அடுப்புத் தணலில் லேசாக வாட்டினேன். இரும்பாகிவிட்டது. விரலில் ஏற்றிப் பார்த்து ரத்தம் வந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமா நஞ்சமா!

கயிறுதான் அமையவில்லை. பூக்கட்டும் வாழைநாரை முடிந்து விட்டால், தண்ணீரில் ஊறிப் பிளந்து அறுந்துபோயிற்று. அடுத்தாற்போல் நான் செய்ததைப் பெரியப்பா அறிந்திருந்தால் வீட்டைவிட்டே துரத்தியிருப்பார். ஆவணி அவிட்டத்தன்று அவர் மாற்றிவிட்டுச் செம்பருத்திச் செடியில் மாட்டியிருந்த பழைய பூணூலை எடுத்துக்கொண்டேன். நல்ல முறுக்கு, முடிச்சும் அவிழாது. ஆனால் வெள்ளை வெளேரென்று தண்ணீருக்குள் தெரிந்தது. கெண்டைகள் தூர நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன.

அன்றைக்கு ஸ்கூலிலிருந்து வந்து அத்தையின் உள்ளில் உட்கார்ந்து அழுதேன். எதற்கென்று அவள் கேட்டாள். அதுவரை யாருக்கும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். பிண்டம், கெண்டை, கிணறு, தினம் ஓர் உருண்டை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியெல்லாம் போய்ச் சேராது என்றும் சொல்லவில்லை. திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மூலையிலிருந்த தன் தகரப்பெட்டியைத் திறந்து, அடியில் கையைவிட்டு ஒரு துணிமூட்டையை எடுத்தாள்.

அவிழ்த்தால் உள்ளே முடி. நீளமாக, ஒரு பக்கம் நூல் சுற்றிக் கட்டிய சவுரி. பெண்கள் சீப்பில் வரும் முடியைச் சேர்த்துவைத்துச் சவுரி கட்டிக்கொள்வது அப்போதெல்லாம் வழக்கம். பெரியம்மாவிடமும் ஒன்று உண்டு, விசேஷ நாளில் வைத்துப் பின்னிக்கொள்வாள். அத்தையின் பெட்டியில் எதற்குச் சவுரி, வைத்துப் பின்ன அவளுக்கு என்ன இருக்கிறது என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. அது யாருடைய முடி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. கயிறு கிடைத்துவிட்டதே என்று குதித்தேன்.

சவுரியிலிருந்து கொத்தாகக் கொஞ்சம் உருவி, திரி திரிக்கிற அதே கையால் முழங்காலில் வைத்து உருட்டினாள். ஒரு நீளம் முடிந்ததும் அடுத்ததைச் சேர்த்து முடிந்தாள். கரேலென்று நூலைவிடச் சன்னமாக வந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மீதியைத் துணியில் சுற்றித் திரும்பப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

"பத்திரம்டா. பெரியப்பா கண்ல படப்படாது. பட்டா மிச்சத்தையும் காவேரில போட்டுட்டு வான்னுடுவார்" என்றாள்.

தூண்டிலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். மீன் பிடிக்கிற விஷயம் தெரியக் கூடாது, நியாயம்தானே. தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை கெண்டை மாட்டியது. அத்தை இடுப்பளவு தண்ணீரில் நின்று ஜபித்துக்கொண்டிருந்தாள். நெட்டி ஒரு குலுங்கு குலுங்கி உள்ளே போயிற்று. இழுத்தேன். கையளவுகூட இல்லை, ஆனால் என்ன துள்ளல்! முடிக்கயிறு விண்ணென்று நின்றது, அறவில்லை. "அத்தை, அத்தை!" என்று கத்தினேன். அவள் ஜபத்தை அப்படியே விட்டுவிட்டு ஈரப்புடவையோடு ஓடிவந்தாள். இரண்டு பேருமாகச் சொம்புக்குள் மீனை விட்டோம். முள் உதட்டில்தான் ஏறியிருந்தது. கழற்றும்போது நுனி முறிந்தது, மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தை சொம்புக்குள் எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னப் பெண் சிரிப்பதுபோல இருந்தது, யாரோ வேறு ஆள் வந்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

கிணற்றில் விட்டாயிற்று. கிணற்றில் மீன் கிடந்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று எல்லா வீட்டிலும் விடுவதுதான், அதனால் பெரியம்மா கண்டுகொள்ளவில்லை. தினமும் சாப்பாட்டில் ஓர் உருண்டையை ஒளித்துவைத்துக்கொண்டு போவேன். உள்ளே போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பேன். தண்ணீரில் க்ளக் என்று ஒரு சத்தம் வரும். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் கைப்பிடிச்சுவரில் சாய்ந்துகொண்டு அம்மாவிடம் ஸ்கூல் சமாசாரமெல்லாம் சொல்வேன். சில நாள் நான் ஸ்கூலிலிருந்து வரும்போது அத்தையும் கிணற்றுக்குள் குனிந்து நின்றுகொண்டிருப்பாள். உதடு அசைந்துகொண்டிருக்கும். என்னைக் கண்டதும் நகர்ந்துவிடுவாள்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒற்றை மீன் பாவமில்லையா, அதற்கு ஒரு துணை வேண்டாமா? ஒரு சனிக்கிழமை நாரத்தையில் புதிய முள் ஒன்று வெட்டிக்கொண்டு, கிணற்றடியில் உட்கார்ந்து கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா எங்கோ வெளியே போயிருந்தார், மத்தியானத்துக்குமேல்தான் வருவார் என்று பேச்சு. நான் முடிச்சிலேயே கண்ணாக இருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் பெரியப்பா.

"என்னடா இது?"

பெருமாளே மச்சாவதாரம் எடுத்திருக்கிறாரே என்று ஆரம்பிக்கத் தயாராக ஒரு வாதம் வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை. அவர் பார்த்தது கழியையோ முள்ளையோ அல்ல. குனிந்து கயிற்றைத் தொட்டார், தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"தலைமயிர்னா இது? பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்கற கிணத்தங்கரையிலே! யார்துடா?"

கொல்லை நிலைப்படிக்கு அப்பால் அத்தை வந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா சமையலுள்ளிலிருந்து கரண்டியும் கையுமாக வந்துவிட்டாள். கயிற்றைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள்.

"என்னோடதுதான்னா. சவுரி பழசாயிடுத்து, கொழந்தை விளையாடக் கேட்டான், குடுத்தேன். இதுக்குப் போய் ஏன் இப்படிக் கத்தறேள்?"

எனக்கு உச்சந்தலை கொதித்தது. என்ன புளுகு! இந்த வீட்டில் அத்தை செய்கிற எதற்கும் ஒரு நல்ல பேர் கிடையாது. அவள் அரைத்துக்கொடுத்த சாந்துக்கும், அவள் போட்ட ஊறுகாய்க்கும் வருகிறவர்களெல்லாம் பெரியம்மாவைத்தான் மெச்சிவிட்டுப் போவார்கள். இதையுமா பிடுங்கிக்கொள்வாள்? மீன் பிடித்ததுதான் ரகசியம். அதுதான் வெளியாகிவிட்டதே, இனி மறைக்க என்ன இருக்கிறது?

"பொய்! பெரியம்மா பொய் சொல்றா! அத்தைதான் குடுத்தா. அவ பொட்டிலேர்ந்து எடுத்து, அவளே திரிச்சுக் குடுத்தா!"

"வாயை மூடுடா கடங்காரா" என்று பெரியம்மா என் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். கரண்டியைப் போட்டுவிட்டு என் வாயைப் பொத்தினாள். புளுகு வெளியாகிவிட்ட கோபம் என்று நினைத்தேன்.

பெரியப்பா தலையைத் திருப்பாமலே, "எத்தனை நாளா வச்சிண்டிருக்கே?" என்றார். அவர் பெரியம்மாவைக் கேட்கிறார் என்றே நினைத்தேன். அத்தையிடம் அவர் நேரே பேசி நான் கேட்டதில்லையே.

அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். குரல் கணீரென்று வந்தது.

"அவர் இருக்கறச்சே சீப்புல வந்தது அண்ணா. அன்னிக்கு நீங்க எடுக்கச் சொன்னதுலேர்ந்து ஒண்ணுகூட நான் எடுத்து வச்சுக்கலை."

பெரியப்பா கீழே உட்கார்ந்தார். மடி, ஆசாரம் பார்க்கிற மனுஷர் வெறுந்தரையில், எனக்கு எதிரில் உட்கார்ந்தார். என் கையிலிருந்து தூண்டிலை வாங்கினார். முறித்து எறியப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வராமல் போகவே திறந்து பார்த்தேன். முள்ளின் முடிச்சை நகத்தால் நெகிழ்த்திக் கழற்றிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கழியிலிருந்து அவிழ்த்து, சிக்கு விழாமல் விரல்களில் சுற்றினார். ஈரத்தில் ஒட்டியிருந்த மண்ணை அங்கவஸ்திரத்தால் துடைத்தார்.

"அறுந்துதா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை பெரியப்பா, அறவே இல்லை! அவ்வளவு துள்ளித்து, அப்பவும் அறலை" என்றேன் பெருமையாக.

"உள்ள கொண்டுபோய் அத்தைகிட்டே குடு. இருந்த எடத்துலயே வச்சுக்கச் சொல்லு."

கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். அதற்குள் அவர் கிணற்றில் வாளியை இறக்கிவிட்டிருந்தார். வேட்டியோடு, சின்னப்பையன் எதிரில் இருக்கிறான் என்றும் பாராமல், தலையில் கவிழ்த்துக்கொண்டார். மயிரைத் தொட்டதற்கு ஸ்நானம் பண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும், தீட்டு என்றால் ஒரு முழுக்கு. ஆனால் அவர் நிறுத்தவில்லை. ஒரு வாளி கவிழ்ந்ததும் அடுத்ததை இறக்கினார். மூச்சு விடவும் நேரம் கொடுக்காமல் தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டே இருந்தது. கண் ரத்தமாகச் சிவந்துவிட்டது. "போறும்னா, போறும்" என்று பெரியம்மா தூணருகில் நின்று சொல்லிக்கொண்டேயிருந்தாள், அவள் வந்து வாளியைப் பிடுங்கவில்லை. உள்ளே அத்தையின் தகரப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

ஒரு முடிக்கு இவ்வளவு தண்ணீரா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு வாளி மேலே வரும்போதும் ஓடிப்போய் எட்டி எட்டிப் பார்த்தேன். என் கெண்டை அதில் மாட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதே, அவர் பாட்டுக்குத் தலையில் கொட்டிக்கொண்டுவிடுவாரே என்பதுதான் அப்போது என் கவலையெல்லாம்.